மருந்தடி வேலைக்கு வரும் தம்பிமாருக்கு

குமரி மாவட்டம் திருவட்டார் பக்கத்து ரப்பர் விளைகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் ஆள்வைத்து மருந்தடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். புதிதாகச் சேரும் பையன் கையில் முதல் நாளே ஸ்பிரேயரைக் கொடுக்கமாட்டேன். உட்காரவைத்துப் பேசுவேன். பேசுகிறதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, மாஸ்க் உண்டா?" உண்டு. ஆனால் மக்கா, திறந்த வெளியில் அடிக்கிறவனுக்கு மூக்கைவிடத் தோல் வழியாகத்தான் மருந்து அதிகம் ஏறும். பாரத்தியான் என்ற பழைய மருந்தை ஆட்களின் தோலில் இட்டுப் பார்த்திருக்கிறார்கள். முன்கை உறிஞ்சியதைப்போல நாலு மடங்கு நெற்றி உறிஞ்சியது. விதைப்பை பத்து மடங்குக்கும் மேல். 16 லிட்டர் டேங்கை முதுகில் மாட்டியிருக்கிறாய், மூடி ஒழுகுகிறது என்றால், அது முதுகுத்தண்டு வழியே இறங்கி எங்கே போய் ஊறும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அதனால் வேலை தொடங்குவதற்கு முன்னால் டேங்கில் வெறும் தண்ணீர் நிறைத்து, மாட்டிக்கொண்டு, நாலு வரிசை நடந்து அடித்துப் பார்க்க வேண்டும். மூடி வாஷர், ஹோஸ் இணைப்பு, ட்ரிக்கர் மூன்றையும் தடவிப் பார். ஈரம் இருந்தால் வாஷரை மாற்று. துணி சுற்றிக் கட்டி ஒப்பேற்றுகிறவன் என் ஆட்களில் கிடையாது.

சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்க விடமாட்டேன். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, தொப்பி, ரப்பர் பூட்ஸ். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே சொருகினால் வடிகிறதெல்லாம் பூட்ஸுக்குள் தேங்கும். தோல் செருப்பு, தோல் பெல்ட் வேண்டாம், அவை குடித்த மருந்தைக் கழுவி எடுக்க முடியாது. துவர்த்தை (துண்டை) முகத்தில் கட்டுகிறதும் அப்படித்தான். நனைந்த பிறகு அது மருந்தை உன் வாயிலேயே ஒட்டி வைத்திருக்கும்.

கையுறையில் ஒரு சங்கதி உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. நெல்லுக்கோ களைக்கோ கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக்கை கையுறையின் மேலே வர வேண்டும். நேந்திரன் வாழைக்கு இலைப்புள்ளி நோய் மருந்தோ, ரப்பருக்குப் போர்டோ கலவையோ மேலே பார்த்து அடிக்கும்போது கையுறை சட்டைக்கையின் மேலே வந்து, அதன் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வடிகிற மருந்து கை வழியாக நேரே அக்குளுக்குப் போகும். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும்.

ஒரு நாள் முழுக்க அடிப்பதைவிட ஆபத்து, கலக்குகிற அந்த அஞ்சு நிமிஷம். பாட்டிலில் இருப்பது தண்ணீர் சேராத முழு வீரியம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதே. டேங்கில் பாதி தண்ணீர் விட்டு, அளந்த மருந்தை ஊற்றி, கம்பால் கலக்கி, பிறகு மீதித் தண்ணீர். மூடியால் அளக்கிறது, கையால் கலக்குகிறது இரண்டும் கூடாது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஊற்று.

போர்டோ தயாரிக்கும்போது நம்மூரில் யாரும் பயப்படுவதில்லை, துரிசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும்தானே என்று. 100 லிட்டருக்கு ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். அதற்கும் கண்ணாடி வேண்டும்.

காற்றைப் பற்றி: ஆரல்வாய்மொழி பக்கம் ஆனி, ஆடியில் வேலை ஒத்துக்கொள்வதே கஷ்டம். காலம்பற அடித்து வெயில் ஏறுமுன் முடிக்கப் பார். எந்த இடத்திலும் சின்னக் கிளைகள் ஆடத் தொடங்கினால் நிறுத்து. தோட்டக்காரர் முறைத்தாலும் நிறுத்து. பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். எப்போதும் நீ மருந்தடித்து முடித்த பக்கம் காற்று போகும்படி, மருந்து படாத பக்கமாகவே நடக்க வேண்டும்.

நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிறவனைப் பார்த்தால் எனக்கு வெப்ராளம் வரும். பையில் மாற்று நாசிலும் பழைய டூத் பிரஷும் இருக்கும், எடுத்துக்கொள். பூச்சி மருந்துக்குக் கூம்பு நாசில், களைக்கொல்லிக்கு விசிறி நாசில். வெற்றிலையும் பீடியும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான்.

லேபிளில் சாய்வாக நிற்கும் சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பார். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைத் தூக்கி எறியாதே, முறிமருந்தின் பெயர் அதில்தான் இருக்கும். தோட்டக்காரர் சாய்ப்பிலிருந்து (கொட்டகையிலிருந்து) பழைய போரேட் குருணையை எடுத்து வந்து வாழைக்கு வைக்கச் சொன்னால் வாங்காதே. அது 2020 டிசம்பர் 31 முதல் தடை. எண்டோசல்பானுக்கு 2011-லேயே தடை.

வேலை முடிந்ததும் காலி பாட்டிலில் கால்பங்கு தண்ணீர் விட்டுக் குலுக்கி, கடைசி டேங்கில் ஊற்று. இப்படி மூன்று முறை. பிறகு பாட்டிலைக் குத்தி ஓட்டை போடு, எண்ணெய் வாங்க யாரும் எடுத்துப் போகாதபடி. ஸ்பிரேயரைச் சானலிலோ குளத்திலோ அலம்பக் கூடாது. அந்தத் தண்ணீரில் கீழே யாரோ குளிப்பார்கள். அலம்பிய தண்ணீரையும் அடித்த விளையிலேயே தெளித்துவிடு. உடுத்திய துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனி வாளியில், கையுறை போட்டு, நீயே துவைக்க வேண்டும்.

இனி முக்கியமானது. குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் மாதிரி பூச்சி மருந்து உடம்பில் ஏறினால் வியர்க்கும், எச்சில் வடியும், தலைவலி, வாந்தி, தசை துடிப்பு. வெயில்தான் காரணம் என்று சொல்லிக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து நிழலில் படுக்கப்போடுவார்கள். கண்மணியைப் பார். ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் வெயில் இல்லை. கண்மணி சுருங்காவிட்டாலும் மற்ற அறிகுறி இருந்தால் தாமதிக்காதே. துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழை. கழுவுகிறவனும் கையுறை போட வேண்டும். வாயில் போயிருந்தாலும் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. மருந்திலுள்ள எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலுக்குப் போய்விடும். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதே.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கானாலும் வேறெங்கானாலும் பாட்டிலும் தாளும் கூடப் போக வேண்டும். "ஏதோ பூச்சி மருந்து" என்றால் டாக்டருக்குப் போதாது. அட்ரோபின் என்ற முறிமருந்து ஏறியதும் ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுவான், வீட்டுக்குப் போகலாம் என்பான். கூட்டிவராதே. ஒன்றிலிருந்து நாலு நாளைக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகிற நிலை சிலருக்கு வரும். டாக்டர் விடும்வரை அங்கேயே இருக்கட்டும், அந்த நாட்கள் கூலி என் கணக்கு.