கையெழுத்துக்கு முன் வாசிப்பு: ஊரில் முதியோர் வகுப்பு தொடங்குபவருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏதேனும் ஓர் ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்த நினைக்கும் தன்னார்வலருக்காக இதை எழுதுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டிருந்தபோது, தருமபுரி 68.5 விழுக்காட்டுடன் மாநிலத்தின் கடைசி மாவட்டமாக இருந்தது. அங்கே பெண்களில் 100க்குச் சுமார் 40 பேர் எழுத்தறியாதவர்கள். அந்தக் கணக்கெடுப்பின் வரையறைப்படி, 7 வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால்தான் எழுத்தறிந்தவர். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவரை அதில் சேர்க்க முடியாது. ஊரிலோ கையெழுத்துப் போடத் தெரிந்துவிட்டால் படித்தவர் வரிசையில் சேர்ந்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள், வகுப்பு நடத்துகிறவர்கள் உட்பட. என் அனுபவத்தில், வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் கற்றவர், கைநாட்டு வைப்பவரைவிட எளிதாக ஏமாற்றப்படுகிறார். கைநாட்டு வைக்கிறவருக்கு யாராவது படித்துச் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போடுகிறவரிடம் தாளை நீட்டினால் போதும். ஆகவே கீழே சொல்லும் முறைகள் எல்லாமே வாசிப்பை முன்னே நிறுத்துபவை.

வகுப்பு எப்போது, எங்கே, யாரை அழைப்பது

நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரும் நேரம், 100 நாள் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம், பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கப் போனவர்களை வண்டி இறக்கிவிடும் நேரம் ஆகிய மூன்றையும் கேட்டறிந்தால், பெரும்பாலான ஊர்களில் இரவு ஏழரைக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும். மாசி, பங்குனியில் புளி தட்டும் வேலை வந்துவிட்டால் அந்த நேரமும் கிடைக்காது. அப்போது வகுப்பை நிறுத்திவிடுவதைவிட, அவர்கள் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் திண்ணைக்கே நீங்கள் போய் உட்கார்ந்துகொள்வது மேல். கைக்கு வேலை இருக்கும், காதும் கண்ணும் சும்மாதான் இருக்கும். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் நான்கு சொற்களை எழுதி, ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னால் அன்றைய பாடம் நடந்துவிடும்.

அழைக்கும்போது, "படிக்கத் தெரியாதவர்கள் யார் யார்?" என்று கேட்காதீர்கள். ஊர் நடுவில் நின்று அப்படிக் கேட்டால் கை தூக்குகிறவர் யாரும் இருக்கமாட்டார். மகளிர் குழுக் கூட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்து, குழுக் கணக்கை எல்லோரும் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகலாம் என்று தொடங்கினால் தயக்கம் குறையும். அக்கா, பெரியம்மா, ஆயா என்று நீங்கள் வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே வகுப்பிலும் கூப்பிடுங்கள். வயது முதிர்ந்தவரைப் பெயர் சொல்லி வருகை எடுத்தால் மறுநாள் அவர் வரமாட்டார்.

நான் முதன்முதலில் நடத்திய வகுப்பு நான்காம் நாளே கலைந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அட்டையைச் சுவரில் மாட்டி "அம்மா, ஆடு, இலை" என்று தொடங்கியிருந்தேன். "காலையில இருந்து ஆட்டுக்குப் பின்னாலதான் அலையறேன், இங்க வந்தாலும் ஆடுதானா?" என்று ஓர் ஆயா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். முதல் நாள் 14 பேர், நான்காம் நாள் 3 பேர். சிரித்தாலும், அவர் சொன்னது பாடத்திட்டத்தைப் பற்றிய சரியான விமர்சனம்தான்.

முதலில் கண்

எழுத்தைத் தொடங்கும் முன் கண்ணைப் பாருங்கள். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். தூரத்தில் மேயும் மாட்டின் கொம்பு தெரியும், கையில் இருக்கும் தாளின் எழுத்து தெரியாது. இதுவரை அவர்கள் கிட்டத்தில் எதையும் படிக்க வேண்டியிராததால் அப்படி ஒரு குறை இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. "எனக்கு மண்டையில ஏறாது" என்று சொல்பவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு கண்ணாடி. ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சந்தேகம் உள்ளவர்களை அரசு மருத்துவமனைக்கோ கண் பரிசோதனை முகாமுக்கோ ஒரு நாள் சேர்ந்து அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு நாள், ஒரு மாத வகுப்புக்குச் சமம். விளக்கு தலைக்குப் பின்னால் இருந்து எழுத்தின்மேல் நிழல் விழாதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த எழுத்தில் தொடங்குவது

தமிழில் 247 எழுத்து என்று சொல்லித் தொடங்கினால் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள். உண்மையில் மனத்தில் பதிய வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற 216 உயிர்மெய்களில் பெரும்பகுதி கால், கொம்பு, சுழி என்ற துணைக்குறிகளைச் சேர்த்தால் கிடைப்பவை. இன்னொன்று, வரிசையில் முதலில் வரும் அ, ஆ, இ ஆகியவைதான் கைக்கு மிகக் கடினமான வடிவங்கள். அரிவாள் பிடித்துப் பழகிய கை முதல் நாளே அந்தச் சுழிப்பை எழுதத் திணறும். ட, ப இரண்டும் நேர்க்கோடுகளால் ஆனவை, ம-வில் ஒரு வளைவு மட்டும் கூடும். அவற்றோடு புள்ளி, கால், மேல்விலங்கு ஆகிய மூன்றை மட்டும் சேர்த்தால் படி, படம், பாடம், மாடி, மாமா, பாட்டி, பட்டம், பட்டா என்று ஒரு வாரத்துக்குள் சொற்கள் குவிந்துவிடும். நிலம் வைத்திருப்பவர்கள் உள்ள ஊரில் 'பட்டா' என்ற சொல்லைப் படித்துவிட்ட அன்று முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பென்சிலை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். முதலில் தரையில் சாக்குக்கட்டி. தினமும் கோலம் போடும் பெண்ணுக்குப் புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு இழுப்பதும், சுழித்துத் திருப்புவதும் நம்மைவிட நன்றாக வரும். அந்தத் திறமை தாளுக்கு வந்ததும் நடுங்குவதற்குக் காரணம் பென்சிலின் மெலிவும் பிழை செய்துவிடுவோமோ என்ற அச்சமும்தான். (கோலம் போடாத ஆண்கள் இந்த இடத்தில் பின்தங்குவது பெண்களுக்குப் பெரிய உற்சாகம்.)

உகர, ஊகார எழுத்துகளுக்குப் பொதுவான ஒரு குறி இல்லை. மெய்யைப் பொறுத்து வடிவம் மாறும். பிள்ளைகளே தடுமாறும் இந்த இடத்தில் நம் பேருந்துப் பலகைகள் பெரிதும் உதவும். பர்கூர், ஓசூர், இண்டூர், மத்தூர், தொப்பூர், அரூர், பாகலூர், பெங்களூர் ஆகிய எட்டு ஊர்ப்பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்: கூ, சூ, டூ, தூ, பூ, ரூ, லூ, ளூ என்று எட்டு ஊகார வடிவங்கள் வரிசையாக நிற்கும், எல்லாமே 'ர்' என்று முடியும். மகன் கட்டட வேலைக்குப் போயிருக்கும் ஊரின் பெயரும் அதில் இருக்கிறது. காரிமங்கலம், கெலமங்கலம் என்ற இணையில் 'மங்கலம்' தானாக மனத்தில் பதியும். நம் இரு மாவட்டங்களின் பெயர்களிலும் சிக்கல் உண்டு. 'கிருஷ்ணகிரி'யில் ஷ் வருவதால், ஞ எழுத்துக்கு வெகுமுன்பே ஷ, ஸ, ஜ மூன்றையும் சொல்லித்தர வேண்டியிருக்கும். ரேஷன், பஸ், பாஸ்புக், ஜாமீன் என்ற சொற்களுக்கும் அவை வேண்டும். 'தருமபுரி' ஒரு பலகையில் அப்படியும், இன்னொன்றில் 'தர்மபுரி' என்றும் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கற்பவர் தன் வாசிப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டு பேருந்தை விட்டுவிடுவார்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். அங்கே, ஒரு சொல்லைப் பலகையில் எழுதும் முன் அந்தப் பொருளை அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு, தமிழிலும் அவர்கள் வாயில் புழங்கும் சொற்களை மட்டும் முதல் இரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தமிழே வீட்டு மொழியாக உள்ளவர்களும் 'தண்ணி' என்று எழுதினால் அதை அடிக்காதீர்கள். தான் பேசுவதைத் தானே எழுதிவிட்ட வியப்பு முதலில் நிலைக்கட்டும், 'தண்ணீர்' பிறகு வரும்.

எண்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் மனக்கணக்காகவே மிச்சம் வாங்கி வருபவருக்குக் கூட்டல் சொல்லித்தருவது வீண். குறியீடுகளை அடையாளம் காண்பதும், தொகையை எழுத்தால் படிப்பதும்தான் புதிது. பால் சொசைட்டிச் சீட்டில் லிட்டர் எங்கே, தொகை எங்கே என்றும், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் எந்த வரியில் வரவாகியிருக்கிறது என்றும் தேடச் சொல்லுங்கள். கைப்பேசியில் மகனின் எண்ணைத் தானே அழுத்திக் கூப்பிடப் பழக்குங்கள். அதே பாடத்தில், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துவிடலாம்.

கையெழுத்தை எப்படிக் கற்பிப்பது

எல்லோரும் முதல் நாளே கேட்பது கையெழுத்தைத்தான். அதற்கு நம் மாவட்டத்தில் ஒரு வரலாறும் உண்டு. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கியது 1989இல், கிருஷ்ணகிரி இன்னும் பிரியாத அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். குழுவில் சேர்ந்து கையெழுத்துப் பழகுவது ஒரு பெண்ணுக்குச் சிறிய காரியமன்று, அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமும் அன்று. ஆனால் பலர் தம் பெயரை ஒரு படம் போலவே வரைந்து பழகியிருக்கிறார்கள். இதைச் சோதிக்க எளிய வழி: பெயரின் எழுத்துகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். அடுக்க முடிந்தால் அவர் எழுதுகிறார், முடியாவிட்டால் வரைகிறார். வரைபவரின் பெயரையே பாடமாக எடுத்து, அதில் உள்ள எழுத்துகளைக் கொண்டு வேறு சொற்களை உருவாக்கினால் படம் எழுத்தாக மாறும்.

அடுத்து, கையெழுத்தைத் தனியாகப் பயிற்றுவிக்காமல் எப்போதும் ஒரு தாளோடு சேர்த்தே பயிற்றுவியுங்கள். வாரத் தவணைக் குழுக் கடன் வாங்காத ஊர் இன்று அரிது. ஒருவர் கட்டத் தவறினால் குழுவில் மற்றவர் பொறுப்பு என்ற நிபந்தனையும் அதில் இருக்கும். அசல், வட்டி, தவணை, ஜாமீன் என்ற நான்கு சொற்களையும் மூன்றாம் மாதத்துக்குள் எல்லோரும் பார்த்தவுடன் படிக்க வேண்டும். பழைய படிவங்களைச் சேகரித்து வந்து, கையெழுத்திடும் முன் தொகை எங்கே, தேதி எங்கே, யார் பெயர், எந்த இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெற்றிடம் இருந்தால் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பித் தரும் பயிற்சியையும் நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் கடன் அலுவலராக வந்து அவசரப்படுத்தட்டும். வகுப்பிலேயே சிரிப்பும் கூச்சலுமாக நடக்கும் நாள் அதுதான்.

இவ்வளவு பாடுபட்டுக் கையெழுத்துக் கற்றவரை ரேஷன் கடையில் மறுபடியும் விரல்ரேகையே கேட்கிறார்கள் என்பதை என் வகுப்பில் ஓர் அக்கா மாதந்தோறும் எனக்கு நினைவூட்டுவார்.

தேர்வும் அதன் பின்னும்

உங்கள் வகுப்பை அரசுத் திட்டத்தோடு இணைத்துக்கொள்வது நல்லது. 2022இல் தொடங்கி 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதைக் கடந்த எழுத்தறியாதவர்கள் சேரலாம். கற்பிப்பவர்கள் தன்னார்வலர்கள், ஊதியம் இல்லை. தமிழகத்தில் இதைப் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசினால் பாடநூலும் பதிவும் எப்படி என்று சொல்வார். இறுதித் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் தலா 50. தேர்வு நாளன்று பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் வகுப்பைக் கலைத்துவிடாதீர்கள். 1990களின் அறிவொளி இயக்கத்தில் கற்ற பெண்கள் இப்போது அறுபதைக் கடந்து உங்கள் வகுப்புக்கே வருவார்கள். எழுத்துகள் சில நினைவிருக்கும், வாசிப்பு போய்விட்டிருக்கும். படிக்க எதுவும் கைக்குக் கிடைக்காமல் போனதால் மறந்தது அது. எனவே வாரம் ஒரு சுவர்த்தாள் எழுதுங்கள்: யார் வீட்டில் கன்று ஈன்றது, தக்காளிப் பெட்டி என்ன விலை போனது, ஒகேனக்கல் குடிநீர் எந்தெந்தக் கிழமை வரும். எழுதுவோர் கற்பவர்களே. வேலைக்காக வெளியூர் போய்ப் பொங்கலுக்குத் திரும்புகிறவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர, ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பேடு வைத்து, கடைசியாகப் படித்த பக்கத்தில் தேதி போட்டுவையுங்கள்.

கடைசியாக, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானங்கள் பிறகுதான் எழுதப்படும். உங்கள் வகுப்பிலிருந்து நான்கைந்து பேரையாவது முன்வரிசையில் உட்காரவைத்து, கூட்டம் முடியும்போது தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அவர்களில் ஒருவர் அதை உரக்கப் படிக்கும்படி செய்யுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், யாராவது எழுந்து "கொடுங்க, நான் படிக்கிறேன்" என்பார்கள். அவரை உட்காரச் சொல்ல ஓர் ஆளை முன்பே நியமித்துவையுங்கள். கிளம்பும்போது எல்லோரும் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.