மாலை லோக்கலுக்கு முன் ஒரு டப்பா

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் சமைத்து டப்பா அனுப்புவது என் தொழில். என்னிடம் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தென் மும்பையின் ஃபோர்ட், நரிமன் பாயிண்ட் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் அவசரச் சாப்பாடு, மாலை ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் (பன்னுக்குள் பொரித்த உருளைக்கிழங்கு வடை), இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து தட்டு நிறையச் சோறு. பசி முழுவதையும் இரவுக்கென்று சேர்த்துவைத்திருப்பார்கள். நாற்பது வயதுக்குள் தொப்பையும் ரத்த அழுத்தமும் வந்துவிடுகின்றன. என்ன சாப்பிடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள்; எத்தனை மணிக்கு என்று கேட்பவர் அபூர்வம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பொழுது சாயச் சாய இன்சுலினின் வேலை மந்தமாகிறது. அதனால் காலையில் உண்ணும் அதே அளவு சோறு இரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. எடை கூடியிருந்த 16 பேருக்கு அமெரிக்காவில் ஒரே உணவைச் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி கூடியது, உடல் செலவழிக்கும் ஆற்றல் குறைந்தது. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2023இல் வெளியான ஆய்வில், இரவு ஒன்பதுக்குப் பிறகு உண்பவர்களுக்கு, எட்டுக்குள் முடிப்பவர்களைவிடப் பக்கவாதம் போன்ற மூளை ரத்தநாள நோய்கள் அதிகம் தென்பட்டன. தாமதச் சாப்பாடுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எச்சரிக்கையாக இருக்க அது போதும்.

ஆனால் ஒன்பது மணிக்கு ரயிலை விட்டு இறங்குகிறவர் எட்டு மணிக்குள் சாப்பிடுவது எப்படி? இரவுச் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். பெரிய பாதியை ஆறு மணிக்கு, அலுவலகத்திலேயே, ரயிலேறும் முன் முடித்துவிடுங்கள்.

இதற்கு மாலை வரை கெடாத உணவு வேண்டும். தேங்காய் போட்ட சுண்டல் மே மாதத்தில் மதியத்துக்குள்ளேயே ஊசிப்போகும். குஜராத்திக்காரர்களின் மேத்தி தேப்லா, அதாவது வெந்தயக்கீரைச் சப்பாத்தி, இதற்கென்றே பிறந்தது. எண்ணெயைக் குறைத்து நான் செய்து கொடுப்பது மூன்று தேப்லா, ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு வாழைப்பழம். அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் முளைகட்டிய பயறும் தயிரும் எடுத்துப் போகலாம். வயிறு நிறைந்திருப்பவருக்கு வடாபாவ் கடையைத் தாண்டிப் போவது கடினமில்லை. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் இதயத்துக்கு ஆகாது என்பதால், இந்த ஒரு லாபமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் ரசம், ஒரு காய், இரண்டு கரண்டி பருப்பு போதும். சோறு வேண்டுமென்றால் ஒரு சிறிய கிண்ணம். இரவில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பாரிலும் ரசத்திலுமே அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. சாப்பிட்டதும் படுக்காதீர்கள்.

காலையில் வண்டிக்கு ஓடும் முன் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். மதியத்துக்கு நான் கவலைப்படுவதில்லை. 1890 முதல் மும்பையில் டப்பா சுமப்பவர்கள் அதை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வந்த டப்பாவை அலுவலகக் கூட்டம் முடியட்டும் என்று மூன்று மணி வரை ஆறப்போடுவதுதான் எனக்கு வருத்தம்.

நேரத்தை மாற்றிவிட்டால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம். சீனாவில் 139 பேரிடம் ஓராண்டு நடத்திய சோதனையில் இரு தரப்பும் கலோரியை ஒரே அளவு குறைத்தார்கள். ஒரு தரப்பு மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் உண்டது. எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. எடைக்கு அளவுதான் முக்கியம்; நேரம் அதற்கு மாற்று ஆகாது.

எடை பார்க்கும் கருவியோடு இஞ்ச் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் அளந்து எழுதிவையுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது; சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். இரவில் சாப்பிட்டபின் நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அன்றிரவே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.