புகைபோக்கித் தூசி அளவீடு: கசிவுச் சோதனையில் பம்பை எப்போது நிறுத்துவது?

மெத்தட் 5 என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் (EPA) முறையில் புகைபோக்கித் தூசியை முதல்முறையாக அளக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துளை, மேடை, பாதுகாப்புக் கயிறு எல்லாம் தயார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வாயுவின் வேகம். வாயுவின் அழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் எஸ் வகையைத்தான் நான் எடுப்பேன். சாதாரணப் பிட்டோவின் சிறு துளைகளைத் தூசி சீக்கிரம் அடைத்துவிடும். வேகத்துக்குப் பொருந்தும் நாசிலை (வாயுவை உறிஞ்சும் முனையை) தேர்ந்தெடுத்து, அதன் உள்விட்டத்தை மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். புகைபோக்கிக்குள் வாயு போகும் வேகத்திலேயே நாசிலும் உறிஞ்ச வேண்டும். 90 முதல் 110 சதவீதம் வரை ஏற்பார்கள். மெதுவாக உறிஞ்சினால் பெரிய துகள்கள் தம் வேகத்திலேயே உள்ளே வந்துவிடும், தூசி கூடுதலாகத் தெரியும். வேகமாக உறிஞ்சினால் குறைவாகத் தெரியும்.

வாயுவின் ஈரத்தைப் பிடிக்கும் கண்ணாடிக் குப்பிகளான இம்பிஞ்சர்கள் நான்கை ஐஸில் வையுங்கள்: முதல் இரண்டில் தலா 100 மில்லி தண்ணீர், மூன்றாவது காலி, நான்காவதில் சிலிகா ஜெல். இம்பிஞ்சர்களுக்கு முன்னால் தூசியைப் பிடிக்கும் வடிதாள் இருக்கும் பெட்டி 120 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும்.

சரி, அளவீட்டுக்கு முன்பு கசிவுச் சோதனை: இணைப்புகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறதா என்று பார்ப்பது. நாசிலை அடைத்து, பம்பை ஓட்டி, வெற்றிடத்தை 380 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கொண்டுவாருங்கள். உறிஞ்சிய வாயுவை அளக்கும் மீட்டர் நிமிடத்துக்கு 0.57 லிட்டர், அல்லது சராசரி உறிஞ்சு வீதத்தில் 4 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. கசிவு இருந்தால் வெளிக்காற்றும் மீட்டரில் ஏறி, தூசி குறைவாகக் கணக்காகும். ஆலையைச் சுற்றி வாழ்பவர்கள் அந்தப் பொய்க் கணக்கைத்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த நொடியில். சோதனை தேறியதும் பம்பை அணைத்தேன். இம்பிஞ்சர் தண்ணீர் களக் களக்கென்று பின்பக்கமாக ஏறி, எடைபோட்டு வைத்திருந்த வடிதாளை நனைத்துவிட்டது. முன்பக்கக் குழாயில் வெற்றிடம் அப்படியே இருந்ததால், பம்பு பக்கத்துக் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அங்கே பாய்ந்திருக்கிறது.

ஆகவே, பம்பு ஓடும்போதே நாசில் அடைப்பை மெள்ளத் திறங்கள். வெற்றிட முள் இறங்கட்டும், உடனே பம்பை நிறுத்துங்கள். வெற்றிடத்தை ஏற்றும்போது முள் 380-ஐத் தாண்டிவிட்டால், உறிஞ்சலைக் கூட்டிக் குறைக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பிக் குறைக்காதீர்கள், அப்போதும் தண்ணீர் பின்னால் ஏறும். ஏறிய வெற்றிடத்திலேயே சோதித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: முடிவிலும் இந்தச் சோதனை வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கட்டாயம் வேண்டும், அளவீட்டின்போது எட்டிய அதிகபட்ச வெற்றிடத்தில். நடுவில் வடிதாளை மாற்றுவதாக இருந்தால், கழற்றுவதற்கு முன்பும் ஒருமுறை செய்துவிடுங்கள்.