மிளகாய் வத்தல் ஏற்றுமதி: விலையைக் குறைப்பதற்கு முன்

வெளிநாட்டில் நம் வத்தல் போட்டி போட முடியவில்லை என்றதும் புதிதாக இறங்கியவர்கள் பலர் விலையைத்தான் முதலில் குறைக்கிறார்கள். பெரிய தவறு அதுதான். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து அனுப்பிய சரக்கு சோதனையில் தேறாமல் திரும்பினால், போக வர கப்பல் வாடகையும் துறைமுகத்தில் கிடந்த கட்டணமும் நம் தலையில் விழும்.

இங்கே தேறிய சரக்கு அங்கேயும் தேறும் என்று நம்புவது அடுத்த தவறு. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சுக்கு இந்தியாவில் மசாலாப் பொருட்களில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வரை அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கு மொத்தமே 10தான், அதிலும் பி1 என்ற அஃப்ளாடாக்சின் வகை 5ஐத் தாண்டக் கூடாது.

இந்த நச்சு பெரும்பாலும் களத்திலேயே தொடங்கிவிடுகிறது. பழத்தை வெறும் மண்ணில் பரப்புவது, ராத்திரிப் பனியில் மூடாமல் விடுவது, காய் நொறுங்காமலும் எடை நிற்கவும் சாக்கில் கட்டும் முன் தண்ணீர் தெளிப்பது, இந்த மூன்றும் போதும். கடைசியாகச் சொன்னதை விவசாயி மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. எடைக்கு மட்டும் காசு கொடுக்கும் வியாபாரிக்கும் அதில் பங்கு உண்டு. ஈரம் 11 சதவீதத்துக்குள் இருக்கும் சரக்குக்குக் கூடுதல் விலை கொடுத்தால் தார்ப்பாய் தானாக வரும். பூஞ்சை பிடித்த வத்தலை மறுபடி காய வைத்தாலும் அரைத்தாலும் நச்சு போகாது.

மாதிரி எடுப்பதிலும் கோட்டை விடுகிறோம். நச்சு எல்லாச் சாக்கிலும் ஒரே அளவில் இருக்காது. மேல் சாக்கில் ஒரு கைப்பிடி அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பல சாக்குகளில், அடி, நடு, மேல் என்று எடுத்துக் கலக்க வேண்டும்.

அப்புறம் பயிருக்கு அடிக்கும் மருந்து. அது சரக்கில் எவ்வளவு தங்கலாம் என்று வாங்கும் நாடு வைக்கும் வரம்பு மாறுவதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாஸ்மதி ஒரு பாடம். நெல்லுக்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆக்கியது. நம் ஏற்றுமதி அங்கே சரிந்தது, பாகிஸ்தான் அரிசி அந்த இடத்தைப் பிடித்தது. விலையால் வந்த தோல்வி இல்லை அது. மிளகாய்க்கும் விதைப்புக்கு முன்பே எந்த மருந்து கூடாது என்று விவசாயியிடம் பேசிவிட வேண்டும், அறுவடைக்குப் பிறகு பேசிப் பயனில்லை.

ஒப்பந்தத்தில் எந்த ஆய்வகத்தின் முடிவு செல்லும், சரக்கு நிராகரிக்கப்பட்டால் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். சீல் வைத்த மாதிரி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.