சின்ன பட்ஜெட் காதல் இசைப்படம்: பாட்டை நேரடியாகப் பதிவு செய்வது எப்படி

கையில் பணம் குறைவாக இருக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து வாயசைக்க வைப்பதா, கேமரா முன்னாலேயே பாட வைப்பதா? கேமரா முன்னாலேயே பாட வையுங்கள். வாயசைப்புப் பாட்டு எடுபட வேண்டுமென்றால் நடனம், செட், கூட்டம் என்று எல்லாம் துணைக்கு வேண்டும். அவை எதுவும் இல்லாமல் பளபளவென்று ஸ்டுடியோ ஒலி மட்டும் வந்தால், அந்தச் சின்ன அறையின் வறுமைதான் தெரியும். அதே அறையில் பாடுபவரின் மூச்சும் கிடார் கம்பியில் விரல் உரசுவதும் கேட்டால், பார்ப்பவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். இந்த வகைப் படத்தின் அழகே அதுதான்.

எனவே நடிகரைப் பாட வைப்பதைவிட, பாடகரை நடிக்க வைப்பது சுலபம். 2007-இல் வெளியான அயர்லாந்துப் படம் 'ஒன்ஸ்' இப்படித்தான் உருவானது. முக்கிய வேடங்களில் வரும் இருவருமே இசைக்கலைஞர்கள். டப்ளினில் 17 நாட்களில் எடுத்து முடித்த அந்தப் படத்தின் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

90 நிமிடப் படத்துக்கு ஐந்தாறு பாட்டு போதும். காதலர்கள் வாயால் சொல்ல முடியாததைப் பாட்டு சொல்ல வேண்டும். முந்தைய காட்சியில் பேசிவிட்டதையே பாட்டும் சொன்னால் இரண்டில் ஒன்றை வெட்டுங்கள்; பெரும்பாலும் வெட்ட வேண்டியது வசனத்தைத்தான்.

டூயட் என்றால் ஸ்கேலை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதை, முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பெண் குரலுக்கு வசதியான சுருதியில், ஆண் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடினால் பல இடங்களில் முணுமுணுப்பாகிவிடும். அந்த இடங்களில் அவருக்கு வேறு ஹார்மனி வரி (மெட்டோடு ஒத்துப்போகும் வேறு ஸ்வரங்கள்) எழுதிக் கொடுங்கள். கிடாரை ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனரில் சரிபார்க்க வேண்டும். வெயிலிலும் விளக்குச் சூட்டிலும் கம்பி இறங்கிவிடும். டேக்குக்கு டேக் சுருதி மாறினால் பிறகு மேலே ஒரு பியானோ கூடச் சேர்க்க முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை வேகம். ஒரு டேக் நிமிடத்துக்கு 82 தட்டு, அடுத்தது 86 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடப் பாட்டில் எட்டு வினாடிக்கு மேல் விலகிப்போகும். எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டவே முடியாது. கிடார் வாசிப்பவரின் காதில், கேமராவுக்குத் தெரியாத பக்கம், சின்ன இயர்போன் வைத்து கிளிக் (வேகத்தைக் காட்டும் சீரான தட்டொலி) ஓட விடுங்கள். கூர்மையான 'டிக்' ஒலி மைக்கில் கசியும் என்பதால் மந்தமான ஒலியாகத் தேர்ந்தெடுங்கள். கடைசி கார்டு அடங்கும் நேரத்தில் கிளிக் நின்றிருக்க வேண்டும்; பாட்டின் வால் பகுதியில்தான் கசிவு துல்லியமாகக் கேட்கும். கிளிக் பிடிக்காதவர்கள் என்றால் இரண்டு கேமராவை ஒரே சமயத்தில் ஓட விட்டு, ஒரே டேக்கை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். ரெக்கார்டரில் நான்கு டிராக் வேண்டும்: இருவருக்கும் தலா ஒரு லேப்பல் மைக் (சட்டையில் குத்தும் சின்ன மைக்), தலைக்கு மேல் பூம் (நீளக் கம்பில் பிடிக்கும் மைக்), கிடாருக்கு ஒன்று. முதன்மை ஒலி பூம்தான்; ஃபிரேமுக்கு வெளியே, வாயிலிருந்து 50 முதல் 60 சென்டிமீட்டருக்குள் நிற்கட்டும். பூம் கம்பில் வழக்கமாக மாட்டும் நீளமான ஷாட்கன் மைக், சின்ன அறையில் எதிரொலியை வாங்கி டப்பாவுக்குள் பாடுவதுபோல் ஒலிக்கும். அங்கே ஹைப்பர்கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் குட்டை மைக்) நல்லது. லேப்பலை கிடார் பட்டை படாத தோள் பக்கம் பொருத்துங்கள். ரெக்கார்டரில் ஒலி லெவல் பார்க்கும்போது எல்லோரும் அடக்கித்தான் பாடுவார்கள், டேக்கில் குரல் எகிறும். அதனால் பாட்டின் மிக உரத்த வரியை முழுக் குரலில் பாடச் சொல்லி, உச்சம் ரெக்கார்டரின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். பூமையும் லேப்பலையும் மிக்ஸிங்கில் அப்படியே கலந்தால் குரல் உள்ளீடற்றுப் போகும். மைக்குகளின் தூரத்தில் ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதம் வரும். ஒரு டிராக்கை அந்த அளவு நகர்த்திச் சரிசெய்த பிறகே கலக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ், மின்விசிறி அணைந்திருக்கட்டும். நல்ல டேக் கிடைத்த கையோடு கேமரா இல்லாமல் இன்னொரு முறை பாட வைத்து, ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியையும் எடுத்துவிடுங்கள். நாய் குரைத்த ஒரு வரியை மாற்ற இதுதான் கைகொடுக்கும்.

தெருவில் எடுக்கும்போது தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 85 முதல் 135 மில்லிமீட்டர் லென்ஸை எட்டத்தில் வையுங்கள். கேமரா எங்கே இருக்கிறதென்று தெரியாததால் போகிறவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள், துணை நடிகர் செலவும் மிச்சம்.

காதல் பாடுபவர் முகத்தில் தெரிவதைவிடக் கேட்பவர் முகத்தில்தான் அதிகம் தெரிகிறது. பலரும் பாடுபவரின் க்ளோசப்பை முதலில் எடுத்து, கேட்பவரைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதற்குள் அவர் அந்தப் பாட்டைப் பத்து முறை கேட்டிருப்பார், கண்ணில் எதுவும் மிஞ்சியிருக்காது. வரிசையை மாற்றுங்கள். கதையில் அவர் முதல் தடவை கேட்கும் பாட்டு என்றால் ஒத்திகையிலும் அவர் காதில் விழாமல் காப்பாற்றுங்கள். முதல் டேக்கில் கேமரா அவர் மேல்தான் இருக்க வேண்டும். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே தலைகுனிய வேண்டும் என்று எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த டேக்கில் ஃபோகஸ் கொஞ்சம் பிசகினாலும் பெரும்பாலும் அதையே வைத்துக்கொள்ளத் தோன்றும்.

பாட்டுக் காட்சிகளை விடிகாலையில் வைக்க வேண்டாம், குரல் திறந்திருக்காது. சண்டை போட்டுக் கத்தும் காட்சி அதே நாளில் இருந்தால் அது பாட்டுக்குப் பின்னால் வரட்டும்.

பாட்டெழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லோரிடமும் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் வாங்கிவிடுங்கள். பாடலுக்கு ஒரு உரிமை, அதன் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. இரண்டும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓடும் பாட்டு உங்கள் மைக்கில் விழுந்தால் அதற்கும் உரிமை கேட்பார்கள். அந்த டேக்கை அங்கேயே நிறுத்தி மறுபடி எடுப்பதுதான் மலிவு.