'எனக்கு ஒண்ணும் சூடாத் தெரியலையே' என்றால் நம்பாதீர்கள்: கோடையில் முதியவர்களைக் கவனிப்பதில் நேரும் தவறுகள்

"தாகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, "இல்லை" என்றதும் நகர்ந்துவிடுவதுதான் முதல் தவறு. அவர்கள் பொய் சொல்லவில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மந்தமாகிவிடும். நீரைப் பிடித்துவைக்கும் சிறுநீரகத்தின் திறன் குறையும், வியர்வையும் குறைவாகவே சுரக்கும். எனவே கேட்க வேண்டாம், குவளையைக் கையில் கொடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு குவளை, சுமார் 200 மி.லி. இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்ற பயத்தில் பகலிலும் குடிக்காதவர்கள் நிறைய. அவர்களுக்குப் பெரும்பகுதி நீரை மாலைக்குள் கொடுத்துவிடலாம்.

இதய பலவீனம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால், வெயில் நாளில் அதை எவ்வளவு தளர்த்தலாம் என்று கோடை தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தினசரி பானமாக ஆக்குவதும் தவறு. அதில் உப்பு உண்டு. வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் உரியது அது; இரத்த அழுத்தம் உள்ளவருக்கு நாள்தோறும் கொடுப்பதற்கு அல்ல.

நீர் வற்றியிருக்கிறதா என்று கைத்தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். முதியவர்களிடம் இந்தச் சோதனை ஏமாற்றும். நீர் போதுமான அளவு இருந்தாலும் தளர்ந்த தோல் மெதுவாகத்தான் திரும்பும். எடை பார்ப்பது மேல். காலையில் சிறுநீர் கழித்த பின், ஒரே மாதிரி உடையில் நிறுத்துப் பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள்.

மின்விசிறியின் மீது நமக்குள்ள நம்பிக்கை கொஞ்சம் அதிகம். அது காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்துகிறது. காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பத்தை எடுத்துச் செல்லும். தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டிய காற்று உடலுக்குச் சூட்டைத்தான் கொடுக்கும். அப்போது மிச்சமிருக்கும் ஒரே பலன் வியர்வை ஆவியாவது. முதியவருக்கு அந்த வியர்வையே குறைவு. அறை 40 டிகிரியைத் தொட்டால் வெறும் விசிறியால் கெடுதல்தான். அதற்கு முன்பே கை, கழுத்து, முகம், கால்களை ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய ஈர உடையோடு விசிறியின் முன் உட்கார வைத்தால், குறைந்த வியர்வைக்கு ஈடாக அந்த ஈரம் ஆவியாகும். பனிக்கட்டி நீரில் திடீரெனக் குளிக்க வைக்க வேண்டாம், இதயத்துக்குச் சுமை.

பகலில் "காத்து வரட்டும்" என்று ஜன்னலைத் திறந்து வைத்தால் அனல்தான் உள்ளே வரும். வெளியே உள்ளதைவிட உள்ளே குளிர்ச்சியாக இருக்கும்வரை மூடி வையுங்கள், இரவில் திறந்து விடுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறைப்பது, உள்ளே திரை போடுவதைவிடப் பலன் தரும். அறையில் ஒரு வெப்பமானி கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: பகலில் 32, இரவில் 24 டிகிரிக்குக் கீழ். அது முடியாவிட்டால் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது குளிர்ந்த இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2003 கோடையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேரை வெப்ப அலை பலிகொண்டது, பெரும்பாலோர் முதியவர்கள். இரவிலும் சூடு தணியாத நாட்கள் அவை.

மருந்துப் பெட்டியையும் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரைகள் நீரை வெளியேற்றும். சில ஒவ்வாமை, சிறுநீர்ப்பை, மனநல மருந்துகள் வியர்வையைத் தடுக்கும். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவருக்கு நீர் குறைந்தால் மருந்தே நஞ்சாகலாம். ஆனால் நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

தனியாக இருப்பவருக்குக் காலையும் மாலையும் போன் செய்கிறீர்களா? "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். இதுவரை எத்தனை குவளை குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், வெப்பமானி என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். பேச்சு குழறினாலோ கோர்வையின்றி இருந்தாலோ வயதின் தள்ளாட்டம் என்று விட்டுவிடாதீர்கள்.

வெப்பவாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், மனம் குழம்பும். தோல் வறண்டுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்தும் இருக்கலாம். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரை இதைத் தணிக்காது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா இருக்காமல் நிழலுக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுக்க நீர் தெளித்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் துணி சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.