பென்ஸ் சாவி உங்கள் கைக்கு வர: டெல்டாவில் கார் டீட்டெய்லிங் தொடங்குபவர்களுக்கு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ யாரிடம் என்ன கார் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டீக்கடையில் கேட்டால் போதும். மில்லுக்காரர் வீட்டில் வெள்ளை பென்ஸ், நகைக்கடைக்காரர் மகனிடம் நீல பிஎம்டபிள்யூ, டாக்டரம்மாவிடம் வால்வோ என்று வரிசையாக வரும். அந்த வண்டிகளை எங்கே கழுவுகிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். பாதி வண்டிகளை வீட்டு வாசலில் டிரைவரே கழுவுகிறார். மீதி திருச்சிக்கோ சென்னைக்கோ போகின்றன. காசு அதிகம் என்று யாரும் நம் கடைக்கு வராமல் இல்லை. பயம்தான் காரணம். 'எவன் எதைத் தேய்ச்சு வைப்பானோ' என்கிற பயம்.

பாபநாசம் பக்கம் மெயின் ரோட்டில் சின்ன ஷெட் போட்டு டீட்டெய்லிங் தொழில் செய்கிறேன், அதாவது வண்டியை உள்ளும் புறமும் நுணுக்கமாகக் கழுவி, பாலிஷும் கோட்டிங்கும் போடுகிற வேலை. முதல் எட்டு மாதம் ஸ்விஃப்ட்டும் இன்னோவாவும்தான் வந்தன. பெரிய வண்டி வந்த பிறகு தெரிந்துகொண்டது ஒன்று: பாலிஷ் மெஷினை எடுக்கும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, நம்மால் எது முடியாது, இந்த இரண்டையும் நாமே முதலில் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் செய்யும் வழிகள்தான்.

படி 1: முதலில் தண்ணீர்

ஷாம்பு, மெஷின் எல்லாம் அப்புறம். உங்கள் போர் தண்ணீரை ஒரு டிடிஎஸ் மீட்டரில், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் மீட்டரில், அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கொள்ளிடக் கரையோரம் பெரும்பாலும் தண்ணீர் நன்றாக இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகப் போக உப்பு ஏறும். குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. ஆனால் அந்த 500 தண்ணீர் கறுப்பு பென்ஸின் பானெட்டில் வெயிலில் காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை நிற்கும். கால்சியம், மெக்னீசிய உப்பு அது. அப்படியே விட்டால் பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டையும் அரித்துவிடும்.

கழுவுவதற்குப் போர் தண்ணீரே போதும். கடைசியாக அலசும் தண்ணீரை மட்டும் ஆர்.ஓ. தண்ணீராக வைத்துக்கொள்ளுங்கள், நிழலில் நிறுத்தி உடனே துவட்டுங்கள். மீட்டரை மேஜை மேலேயே வையுங்கள். வருகிறவர் எடுத்துப் பார்ப்பார், கேள்வி கேட்பார். அவரைப் பேச வைக்க அதைவிட நல்ல பொருள் என் கடையில் இல்லை.

படி 2: தொடும் முன் சுற்றிப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. இருபது நிமிடம் ஆகும், அதனால்தான்.

வண்டி வந்ததும் கொண்டுவந்தவரைக் கூடவே நிற்க வைத்து ஒரு சுற்று வாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஓனர் வரமாட்டார், டிரைவர்தான் வருவார். ஒவ்வொரு பேனலையும் எல்இடி வெளிச்சத்தில் காட்டி போட்டோ எடுங்கள். முன் பம்பரின் அடி உதடு, நான்கு வீல் விளிம்பு, பக்கக் கண்ணாடி மூடி, முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, டிக்கி விளிம்பு, இவற்றைத் தவறவிடாதீர்கள். கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டை ஒரு போட்டோ. எல்லாவற்றையும் அங்கேயே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் பார்த்து 'சரி' என்று பதில் போட்ட பிறகுதான் தண்ணீர் அடிக்க வேண்டும்.

டிரைவர் முகம் கொஞ்சம் மாறும். ஏற்கெனவே விழுந்த கீறலைக் காட்டிக்கொடுக்கிறானே என்று நினைப்பார். அவரைத் தனியாக அழைத்து, "அண்ணே, இது நமக்கு ரெண்டு பேருக்கும்தான் பாதுகாப்பு. நாளைக்குப் புதுசா ஒண்ணு தெரிஞ்சா உங்க தலையிலயும் விழாது, என் தலையிலயும் விழாது" என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உங்களுக்காகப் பேசுகிற ஆள் அவர்தான். டீ வாங்கிக் கொடுங்கள், உட்கார ஃபேனுக்கு அடியில் நாற்காலி போடுங்கள்.

கமிஷன் கேட்பவர்களும் உண்டு. பில்லை ஏற்றிப் போட்டுக் கொடுக்காதீர்கள், ஒருநாள் தெரிந்துவிடும். உங்கள் லாபத்திலிருந்து கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். நான் கொடுப்பதில்லை, தீபாவளிக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பேன்.

படி 3: மீட்டர் வைத்து அளந்து சொல்லுங்கள்

பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது இரும்பு, அலுமினியம் இரண்டிலும் அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய வண்டிகள் பலவற்றில் பானெட் அலுமினியம், காந்தம் ஒட்டாது. இரும்புக்கு மட்டும் உள்ள மீட்டர் அங்கே பேசாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் எதுவுமே வேலை செய்யாது.

கம்பெனி பெயிண்ட் மொத்தமாகப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் மேலே உள்ள கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். நாம் பாலிஷ் செய்வது அந்த 40 மைக்ரானுக்குள் நடக்கிற வேலை. ஒரு கதவில் மட்டும் 250 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்த கதவு. இன்னும் பல நூறு ஏறினால் அடியில் பட்டி இருக்கும்.

இதை ஓனரிடம் சொல்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு அந்த வண்டி ஒருமுறை அடிபட்டது தெரியாமலே இருக்கலாம். நாலு பேர் நடுவில் 'இது அடிபட்ட வண்டி சார்' என்று போட்டு உடைக்காதீர்கள். தனியாக அழைத்து மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து இரண்டு கதவையும் அளக்கச் சொல்லுங்கள். எண்ணை அவரே படிக்கட்டும்.

மெலிந்துபோன பேனலில் ஆழக் கீறல் இருந்தால் 'இது போகாது, மங்க வைக்கலாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற கீறல் பாலிஷில் போகாது என்பது பொதுவான கணக்கு. மேட் பெயிண்ட் வண்டி வந்தால் மெஷினைத் தொடவே தொடாதீர்கள். தேய்த்த இடம் பளபளத்துவிட்டால் திரும்ப மங்காது.

படி 4: வண்டிக்குள்ளும் மேலும் இருக்கும் சாமி

சென்னை வீடியோக்களில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. புது வண்டி, பெயிண்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங் போட வந்தது. பானெட்டில் மஞ்சளில் ஸ்வஸ்திக், மேலே குங்குமம், சந்தனம். கோட்டிங் போட வந்த வண்டிதானே என்று முதல் வேலையாக அதைக் கழுவித் தள்ளினேன். மாலையில் ஓனரின் அம்மா வந்தார். சுவாமிமலையில் பூஜை போட்டு அவர் கையால் வரைந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. "கேட்டிருக்கலாமேப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. கண்ணாடியில் தொங்கும் கயிறு, டேஷ்போர்டு பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா படம், நாகூர் தர்காவில் கொடுத்த பச்சைத் துணி, முன்பக்கம் கட்டிய எலுமிச்சை மிளகாய் எதுவாக இருந்தாலும் சரி. எடுக்கச் சொன்னால் தட்டில் வைத்துத் தனியாக வையுங்கள். தரையில் வேண்டாம், மிதியடி மேல் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் இருந்த இடத்தில் இருந்தபடியே திரும்ப வையுங்கள். அதற்கும் முன்கூட்டியே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பிள்ளையார் எந்தப் பக்கம் பார்த்தார் என்ற குழப்பம் வராது.

கேட்பதோடு காரணத்தையும் சொல்லலாம். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பும் இருக்கிறது. சுண்ணாம்பு காரம், பெயிண்டில் நாள்கணக்கில் நின்றால் தடம் விடும். 'அம்மா, மூணு நாள் இருக்கட்டும், அப்புறம் எடுத்துடலாம்' என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வெளிர் நிற சீட்டில் மஞ்சள் பட்டிருந்தால் வெறி கொண்டு தேய்க்க வேண்டாம். மிதமான லெதர் கிளீனரில் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் விடுங்கள், வெயில் பட்டால் மஞ்சள் நிறம் தானாக வெளிறும். வெற்றிலைக் கறை அப்படிப் போகாது. கும்பகோணத்தில் கடை போட்டால் அந்தக் கறையோடு ரொம்பப் பழகுவீர்கள்.

சீட்டுக்கு அடியில் கிடைக்கிற சில்லறை, தோடு, பேனா, ரசீது எல்லாம் ஒரு ஜிப் கவரில் போட்டு, வண்டி நம்பர் எழுதி, சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு ரூபாயாக இருந்தாலும். டேஷ்கேம் ஓடிக்கொண்டிருக்கலாம், பையன்கள் உள்ளே உட்கார்ந்து ஓனரைப் பற்றிப் பேசினால் அதுவும் பதிவாகும்.

படி 5: கழுவுவது

இதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. முதலில் பிரஷர் தண்ணீர், பிறகு நுரை, இரண்டு பக்கெட் (ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலசத் தண்ணீர்), மைக்ரோஃபைபர் துணி. மோதிரம், காப்பு, வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் வண்டி பக்கத்தில் போக வேண்டும்.

நம் பகுதிக்கென்று சொல்ல வேண்டியது பதரும் உமியும். குறுவை அறுப்பிலும், பொங்கலை ஒட்டிய சம்பா அறுப்பிலும் ரோட்டிலேயே நெல் காயும், அறுவடை மெஷின் தூசி பறக்கும். மில்களில் உமியை எரிப்பதால் கருஞ்சாம்பல் வேறு. உமியில் சிலிக்கா நிறைய, சாம்பலில் பெரும்பகுதியே அதுதான். கண்ணாடிக்கும் மணலுக்கும் உள்ள அதே பொருள். காலையில் டிரைவர் காய்ந்த மஞ்சள் துணியால் அந்தச் சாம்பலைத் துடைக்கிறார் பாருங்கள், கறுப்பு வண்டியில் வெயிலில் தெரிகிற சிலந்தி வலைக் கோடுகள் அங்கேதான் பிறக்கின்றன. ஓனரிடம் டிரைவரைக் குற்றம் சொல்லாதீர்கள். டிரைவருக்கே ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் இரண்டு நல்ல துணியும் கொடுத்து, அறுப்புக் காலத்தில் காயத் துடைக்க வேண்டாம் என்று செய்து காட்டுங்கள்.

படி 6: ஒரு அடி மட்டும் செய்து காட்டுங்கள்

முழு வண்டிக்கும் விலை பேசும் முன், பானெட்டில் ஓரடிக்கு ஓரடி டேப் ஒட்டி, இருப்பதிலேயே மென்மையான பேடும் பாலிஷும் வைத்துச் செய்யுங்கள். போதவில்லை என்றால்தான் அடுத்தது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும், ஆகவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலவையால் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஓனரைக் கூப்பிடுங்கள். 'இவ்வளவுதான் வரும், இதைவிட வேண்டுமென்றால் கிளியர் கோட் நிறையக் குறையும்' என்று சொல்லி முடிவை அவரிடம் விடுங்கள்.

படி 7: கோட்டிங் விற்கும்போது வாயை அடக்குங்கள்

'9ஹெச் சார், கீறலே விழாது' என்று சொல்லி விற்பவர்களால்தான் நம் எல்லாருக்கும் கெட்ட பெயர். 9ஹெச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவியால் கீறினால் கோட்டிங்கும் கீறும், லாரி டயர் தெறித்த ஜல்லி பட்டாலும் பெயிண்ட் தெறிக்கும். கோட்டிங் செய்வது வேறு: அழுக்கு சுலபமாகக் கழுவிப் போகும், மினுமினுப்பு நிற்கும், பறவை எச்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். உப்புத் தண்ணீர்க் கறை கோட்டிங் மேலேயும் விழும். ஜல்லிக்குப் பயந்தால் பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் கண்ணாடி போன்ற ஃபிலிம், ஒட்டலாம், அதன் விலை வேறு என்று சொல்லிவிடுங்கள்.

பில்லில் எந்த கோட்டிங், எத்தனை லேயர், எந்தத் தேதி என்று எழுதுங்கள். பாட்டிலை அவர் எதிரில் திறங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். முதல் நாள் தண்ணீரே படக்கூடாது, முழுதாக இறுக ஒரு வாரம் போல ஆகும்.

படி 8: போட்டோ போடுவது

நம்பர் பிளேட்டை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊரில் அந்தக் கலர் ஆடி கார் ஒன்றுதான் இருக்கும். சென்னையில் இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஒருவருடைய வண்டி என் ஸ்டேட்டஸில் போனது, அதை அவருடைய அண்ணன் பார்த்தார். அதற்குமேல் சொல்ல மாட்டேன். எழுத்தில் அனுமதி வாங்காமல் போடாதீர்கள்.

படி 9: தப்பு நடந்தால்

நடக்கும். எனக்கு நடந்தது பானெட் விளிம்பில். விளிம்பில் கிளியர் கோட் மெலிதாக இருக்கும், சூடும் அங்கேதான் சேரும். இரண்டு விநாடி அதிகமாக மெஷின் நின்றது, வெந்துவிட்டது. நகம் அளவு இடம். பையன் டச்சப் பேனாவைக் கொண்டுவந்து நீட்டினான், யாருக்கும் தெரியாது என்றான். வாங்கி வைத்துக்கொண்டு ஓனருக்கு போன் செய்தேன். அவர் வண்டியைப் பார்க்கும் முன்பே விவரமும் போட்டோவும் போய்விட்டது. பானெட் பெயிண்டுக்கு ஆகும் செலவு முழுக்க என்னுடையது என்றேன். அவருக்கு நல்ல கோபம். செலவை வாங்கிக்கொண்டார், ஒன்றரை வருஷம் கடைப் பக்கமே வரவில்லை.

போன தை மாதம் அவருடைய மைத்துனர் ஒரு கறுப்பு பிஎம்டபிள்யூவைக் கொண்டுவந்து நிறுத்தினார். "பானெட்டை எரிச்சது நீதானே?" என்றுதான் ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். சாவியை மேஜையில் டிடிஎஸ் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரெண்டு நாளில் வேண்டும் என்றார். மூன்று நாள் ஆகும் என்றேன். நான்கு விளிம்பிலும் டேப் ஒட்டிய பிறகுதான் மெஷினைக் கையில் எடுத்தேன்.